பதினேழாம் எண்ணுக்கு ஐந்து மார்க்

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முத்துக்கருப்பன் சார் தன் கைடிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“மேடம், பதினேழாம் நம்பரை எடுத்துடலாமா?”

மேடம் படித்துக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

கைடு என்றால் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர். எங்கள் கலைக்கல்வித் துறையில் சகாயமேரி மேடம். சாருக்கு நாற்பத்தொன்பது வயது, மேடத்துக்கு அவரைவிட ஏழு வயது குறைவு. அது சாருக்கு ஒருநாளும் சங்கடமாக இருந்ததில்லை. பத்தொன்பது வருஷம் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருந்தவர் அவர். அறைக்குள் யார் வந்தாலும் முதலில் எழுந்து நிற்பார்.

நான் பௌசியா. அதே அறையில் ஜன்னலோர மேஜையில் இசைக் கல்வியில் ஆராய்ச்சி செய்கிறேன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை ஒளிக்கப் போவதில்லை.

நாடகப் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளின் வெளிப்பாட்டுத் திறன் வளருமா என்பதுதான் சாரின் ஆராய்ச்சி. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பை எடுத்துக்கொண்டார். ‘ஏ’ பிரிவுக்கு இருபத்து நாலு வாரம் நாடகப் பயிற்சி. ‘பி’ பிரிவுக்கு ஒன்றும் கிடையாது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும். தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை, இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் ஒரே காட்சியை நடித்துக் காட்ட வேண்டும். பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழையும் காட்சி. தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. அதுதான் வீட்டு வாசல். ஆளுக்கு இரண்டு நிமிஷம்.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். சார், நான், வெளியூர் நாடக இயக்குநர் ஒருவர், மூன்று பேரும் தனித்தனியே பார்த்து ஐந்துக்கு மார்க் போட்டோம். மூவரின் மார்க்கும் ஒத்துப்போனால் அளவுகோல் நம்பத்தகுந்தது என்று அர்த்தம். எங்கள் துறையில் அழுகையைக்கூட ஐந்துக்கு இத்தனை என்று அளந்துவிடுவோம். தாள்களின் அடியில் மேடம் கையெழுத்துப் போடுவார்.

தாள்களில் பிள்ளைகளின் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அரக்கு வைத்த உறையில் மேடத்தின் பீரோவில் இருந்தது. அதைத் திறக்க மாட்டோம், ஆய்வேடு கொடுத்ததும் வீடியோக்களை அழித்துவிடுவோம் என்று சாரும் மேடமும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பதினேழாம் எண் ‘ஏ’ பிரிவில் ஒரு பெண். அவளுடைய இரட்டைச் சகோதரி ‘பி’ பிரிவில் இருந்தாள், நாற்பத்து மூன்றாம் எண். இது தெரிந்த அன்று சார் துறை முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார்.

“ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே வயசு பௌசியா! ஒருத்திக்குப் பயிற்சி இருக்கு, இன்னொருத்திக்கு இல்ல. கடவுளாப் பார்த்து எனக்காகச் செஞ்சு குடுத்த மாதிரி இருக்கு.”

நான் இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை பதினேழு ஒன்றும் பிரமாதமாக நடிக்கவில்லை. கோட்டைத் தாண்டினாள், “வந்துட்டேன்” என்றாள், உட்கார்ந்துவிட்டாள். ஐந்துக்கு இரண்டு. இருபத்து நாலு வாரம் கழித்து எடுத்த வீடியோவைப் பார்த்தபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

மற்ற பிள்ளைகள் பையை எறிந்தார்கள், “அம்மா பசிக்குது” என்று கத்தினார்கள், ஒரு பையன் இல்லாத டிவியைப் போட்டான். இவள் கோட்டுக்கு வெளியே நின்றாள். தரையில் எதையோ தேடிப் பார்த்தாள். அப்பாவின் செருப்பு கிடக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது பார்க்கிற எங்களுக்கே புரிந்தது. தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பையை வெளியிலேயே சுவரோரம் சாய்த்து வைத்தாள். பிறகு தன்னுடைய இரண்டு ஜடைகளையும் எடுத்து முதுகுப் பக்கம் சட்டைக்குள் விட்டுக் காலர் பித்தானைப் போட்டாள். தோளை முன்னால் கொடுத்து, பக்கவாட்டில் உள்ளே நுழைந்தாள்.

வகுப்பு கைதட்டியது. சார் ஐந்து போட்டார். இயக்குநர் ஐந்து. நானும் ஐந்து. சாரின் ஆய்வேட்டில் இரண்டு பக்கம் அவளைப் பற்றியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, அவள் கிணற்றில் இறந்து கிடந்தாள். தண்ணீர் எடுக்கப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அப்பா சொன்னார். காவல் நிலையத்திலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் அப்பாவும் இரண்டு பெண்களும்தான் இருந்தார்கள்.

சார் நல்ல மனுஷர், அதையும் சொல்ல வேண்டும். செய்தி கேட்டதும் என் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். இரண்டு நாள் துறைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர் கணினி முன்னால் உட்கார்ந்து எதையோ திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

அது இதுதான் என்று அந்த வெள்ளிக்கிழமை தெரிந்தது.

“எடுத்தாலும் ரிசல்ட் மாறாது மேடம். போட்டுப் பார்த்துட்டேன். இரட்டையர் பகுதிய மட்டும் நீக்கணும். செத்துப்போன பிள்ளைய அட்டவணைல வச்சிருக்க எனக்கு மனசு வரல. வைவால அந்த வீடியோவப் போடச் சொன்னா என்னால நின்னு பேச முடியாது.”

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமை கடைசி நாள் மேடம். மூணாவது தடவை நீட்டிச்சுக் குடுத்திருக்காங்க. விட்டா பதிவே ரத்து. ஏழு வருஷம்.”

“தெரியும் சார்.”

“எடுக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“அந்தத் தாளைக் குடுங்க.”

சார் பதினேழாம் எண்ணின் மதிப்பீட்டுத் தாள்களை எடுத்து நீட்டினார். மேடம் வாங்கி, மேலே இருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

“‘பின்னலைச் சட்டைக்குள் செருகியது நுட்பமான கற்பனை. பயிற்சியின் பலன் தெளிவாகத் தெரிகிறது.’ இது யார் எழுதினது?”

“நான்தான் மேடம்” என்றேன். என் கையெழுத்தை அவருக்கு நன்றாகவே தெரியும்.

“அடியில இருக்கிறது என் கையெழுத்து” என்றார் மேடம். “படிச்சுட்டுத்தான் போட்டேன்.”

அவர் எழுந்து பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தினார். எங்கள் அறைக்கு இரண்டு வாசல், ஒன்று நடைபாதைக்கு, இன்னொன்று பின்னால் மைதானத்துக்கு. முன்வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். நாற்காலியில் கிடந்த சாரின் துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். வெயிலுக்காக சார் எப்போதும் வைத்திருக்கும் துண்டு.

“தலையில கட்டிக்கங்க. ஒரு முனை முதுகில தொங்கட்டும்.”

“எதுக்கு மேடம்?”

“ஜடை.”

சார் கட்டிக்கொண்டார். மேடம் சொன்னால் அவர் ஏன் என்று இரண்டாம் தடவை கேட்பதில்லை.

“பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வர்றீங்க. மத்தப் பிள்ளைங்க எப்படி வந்தாங்களோ அப்படி வாங்க.”

மேடம் கதவை ஒட்டி, உள்பக்கம் நின்றுகொண்டார். சார் வெளியே போனார். சங்கடமாகச் சிரித்தபடி கோட்டைத் தாண்டி, “அம்மா, பசிக்குது” என்றார்.

மேடத்தின் கை நீண்டது. தொங்கிய துண்டை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். சாரின் கழுத்து பின்னால் வளைந்தது, கால் வழுக்கியது, இடுப்பு பெஞ்சின் விளிம்பில் போய் இடித்தது. நான் எழுந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் மேடம் யார் மீதும் கை வைத்து நான் பார்த்ததில்லை. அவர் துண்டை உடனே விடவும் இல்லை.

“மேடம்!” என்றார் சார்.

மேடம் கையை விட்டார். “மறுபடி வெளிய போங்க. இப்ப பதினேழு மாதிரி வாங்க.”

சார் இடுப்பைத் தடவிக்கொண்டே போனார். முகத்தில் சிரிப்பு இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று தரையைப் பார்த்தார். அந்த வீடியோவை நூறு தடவையாவது பார்த்திருப்பார், ஒவ்வொரு அசைவும் அவருக்கு மனப்பாடம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். இல்லாத பையைச் சுவரோரம் வைத்தார். துண்டின் முனையைச் சட்டைக்குள் விட்டுக் காலர் பித்தானைப் போட்டார். தோளை முன்னால் கொடுத்து உள்ளே வந்தார்.

மேடத்தின் கை அதே வேகத்தில் நீண்டது. முதுகில் பட்டு வழுக்கியது. பிடிக்க ஒன்றும் இல்லை. கை திரும்ப எழுவதற்குள் சார் நாலு எட்டு முன்னால் போயிருந்தார்.

அங்கேயே நின்றுவிட்டார். மைதானத்துப் பக்கத்து வாசல் அவர் எதிரில் திறந்திருந்தது.

“கையில ஏன் செருப்பு?” என்று மேடம் கேட்டார்.

“அவ வச்சிருந்தா.”

“ஏன் வச்சிருந்தா?”

சார் பின்வாசலைப் பார்த்தார். வெளியே மைதானம் முழுக்க நெருஞ்சி முளைத்துக் கிடந்தது.

“அந்தப் பக்கமா ஓடணும்னா கால்ல போட...” என்றார்.

மேடம் மேஜையிலிருந்து எழுதாத மதிப்பீட்டுத் தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்து கொடுத்தார்.

“மார்க் போடுங்க.”

சார் பேனாவை வாங்கிக்கொண்டார். தாளில் குனிந்தார். ‘கற்பனை’ என்றிருந்த கட்டத்தின் மேல் பேனா முனை நின்றது. மை சொட்டி ஒரு வட்டமாகப் பரவியது. அந்தக் கட்டத்தில்தான் நான் ஐந்து போட்டிருந்தேன், பேனாவை ஊன்றி.

“எனக்குத் தெரியாது மேடம். சத்தியமாத் தெரியாது.”

“எனக்கும் தெரியல சார். நல்லா நடிக்கிறா, சாருக்கு நல்ல தீசிஸ் கிடைச்சுதுன்னு நினைச்சேன்.”

“அதனாலதான் எடுத்துடலாம்ங்கிறேன். இனிமே அந்தப் பிள்ளைக்கு நாம என்ன செய்ய முடியும்?”

“நாற்பத்து மூணை எடுங்க.”

சார் நிமிர்ந்தார். தாள் கட்டுக்குள்ளிருந்து அவளுடைய தாள்களைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“இவளுக்கு என்ன மார்க்?”

“ஒண்ணு மேடம். மூணு பேருமே ஒண்ணுதான்.”

“என்ன செஞ்சா?”

“ஒண்ணுமே செய்யல. ரெண்டு நிமிஷமும் கோட்டுக்கு வெளியவே நின்னா. உள்ள போம்மான்னு சொன்னேன். போகல.”

“பௌசியா, நீ என்ன எழுதின?”

“‘வெளிப்பாடு இல்லை’ன்னு மேடம்.”

மேடம் தலையாட்டினார். “ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க. வீடியோல யாரு எந்த நம்பருன்னு உங்களுக்குக் குழப்பம் வரலையா சார்?”

இது அவருக்குத் தெரிந்த விஷயம். சட்டென்று பதில் சொன்னார். “வரல மேடம். பதினேழுக்கு ரெட்டை ஜடை. நாற்பத்து மூணு முடிய ஒட்ட வெட்டி...”

அவர் கை தலையில் இருந்த துண்டைத் தொட்டது.

“முதல்லேருந்தே அப்படியா?”

“இல்ல.” குரல் இறங்கிவிட்டது. “ஜூலை வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஜடைதான். ஒரு திங்கக்கிழமை அவ மட்டும் இப்படி வந்து நின்னா. அவளே கத்தரிக்கோல எடுத்து வெட்டிக்கிட்டாளாம். கிளாஸ் டீச்சர் வெளிய நிக்க வச்சாங்க.”

“நீங்க?”

“எனக்கு... ஆள் அடையாளம் தெரிய வசதியாப் போச்சுன்னு நினைச்சேன் மேடம்.”

சார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். நான் என் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜூலை மாதம் சார் அந்த வெட்டிய முடியைப் பற்றிச் சொன்னபோது, “நல்லதாப் போச்சு சார்” என்று சொன்னவள் நான்.

“அந்தப் பொண்ணு இப்ப எங்க?” என்று மேடம் கேட்டார்.

“காலையில ஹெச்.எம். போன் பண்ணாங்க. இன்னைக்குத்தான் ஸ்கூலுக்கு வந்திருக்கா. அப்பாவே கொண்டுவந்து விட்டாராம். வாயே தொறக்கலையாம். ‘ஒருநாள் வந்து டிராமா கிளாஸ் எடுங்க சார், பிள்ளை மனசு தேறும்’னாங்க.”

மேடம் பீரோவைத் திறந்தார். அரக்கு வைத்த உறையை வெளியே எடுத்தார். சார் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார்.

“மேடம், வேண்டாம். திறக்க மாட்டோம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்திருக்கோம். தெரிஞ்சா ஆராய்ச்சியே செல்லாதுன்னுடுவாங்க. உங்க வேலைக்கும் பிரச்சினை வரும்.”

அரக்கு உடைந்து மேஜையில் சிதறியது. மேடம் பட்டியலை விரித்து விரலால் நாற்பத்து மூன்று வரை இறங்கிப் போனார்.

“சிவநந்தினி” என்று படித்தார்.

“தெரியும் மேடம்” என்றார் சார். “சிவரஞ்சனி, சிவநந்தினி. எனக்கு ரெண்டு பேர் பேரும் தெரியும். வரிசையா வந்து குட் மார்னிங் சொல்லுவாங்க.” அப்போதுதான் அழுதார். போன வாரம் அழுதது மாதிரி இல்லை, சத்தமே வரவில்லை.

மேடம் அந்தப் பட்டியலையும், இரண்டு எண்களின் தாள்களையும், வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்கையும் தன் கைப்பையில் வைத்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். பள்ளிக்கு இங்கிருந்து முக்கால் மணி நேரம்.

சார் வாசலில் வந்து நின்றார். வழியை மறிக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. சாக்பீஸ் கோட்டின் மேல் வெறுங்காலோடு நின்றார். செருப்பு இன்னும் கையில் இருந்தது.

“மேடம், நான் மாட்டேன்னு சொல்லல. நானே போறேன். நானே போய் ஸ்டேஷன்ல எல்லாத்தையும் சொல்றேன், வீடியோவையும் குடுக்கிறேன். அவங்க கேக்கிற எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடுறேன்.”

“வாங்க, போகலாம்.”

“திங்கக்கிழமை மேடம்.” அவர் குரல் கெஞ்சியது. “திங்கக்கிழமை மதியம் தீசிஸை மேஜைல வச்சுட்டு நேரா அங்கதான் போவேன். நடுவுல சனி, ஞாயிறு. ரெண்டே ரெண்டு நாள். ஏழு வருஷம் பொறுத்தாச்சு, இந்த ரெண்டு நாள்ல என்ன மேடம் ஆயிடப்போகுது?”

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால்.

“பள்ளிக்கூடம் நாலு பத்துக்கு விட்டுடுவாங்க சார்” என்றார்.